பூண்டே போடாத வீட்டில் பூண்டு வாடை

பல் டாக்டரின் வாய் நாறுகிறது என்பதை அவரிடம் யார் போய்ச் சொல்வது? நோயாளிகளோ வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்தார்கள். பஞ்சும் குழாயும் வாயில் இருக்கும்போது முகத்தைச் சுளிக்கத்தான் முடியும். அவர் அதை வலி என்று எடுத்துக்கொண்டு, முகக்கவசத்தைக் கீழே இறக்கிவிட்டு, "இதோ முடிஞ்சுடுச்சு" என்று ஆறுதலாக இன்னும் குனிவார்.

கடைசியில் அவர் மனைவிதான் போட்டு உடைத்தாள்.

"பூண்டு மூட்டைக்குப் பக்கத்துல படுத்த மாதிரி இருக்குங்க."

"நீ குழம்புல அள்ளிக் கொட்டுனா பின்ன எப்படி இருக்கும்?"

அவள் ரோஷக்காரி. அன்றோடு அந்த வீட்டுச் சமையலறையில் பூண்டுக்கு இடமில்லாமல் போனது. சாப்பாடு சப்பென்று ஆனது; வாடை மட்டும் முன்னைவிடத் தூக்கலாக வந்தது. இப்போது அவள் பார்வை மாறியது.

"நான் பூண்டையே தொடறதில்ல. அப்ப வேற யாரு கையால சாப்பிட்டுட்டு வர்றீங்க?"

"சத்தியமா வெளிய பச்சத் தண்ணிகூடக் குடிக்கிறதில்லடி!"

உண்மையைத்தான் சொன்னார். ஆனால் கோளாறு அவர் மேசை இழுப்பறையில் இருந்தது.

அவருடைய அக்காவுக்குத் தைராய்டு. அவளுடைய டாக்டர் தைராய்டு மாத்திரையோடு செலீனியம் என்ற தாதுச்சத்துக்கு ஒரு சின்ன மாத்திரையும் கொடுத்திருந்தார். ஆறு மாதத்தில் அக்கா ஆளே மாறிவிட்டாள். முகத்தில் தெளிவு, தலையில் அடர்த்தி. தைராய்டு மாத்திரையின் வேலை அது. ஆனால் தம்பிக்கு அது ரொம்பச் சாதாரணமான விளக்கமாகப் பட்டது. ஊரில் பாதிப் பேர் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறார்களே, அக்காவிடம் புதிதாக இருப்பது இந்தச் சின்ன மாத்திரைதானே! தேடிப் படித்தார். தைராய்டு வேலை செய்ய அது வேண்டும், நோய் எதிர்ப்புச் சக்திக்கு அது வேண்டும் என்று இருந்தது. இத்தனை வயது வரை தன்னை யாருமே உஷார்படுத்தவில்லையே என்று உலகத்தின் மேலேயே அவருக்கு வருத்தம்.

பற்பசையைப் பட்டாணி அளவுக்கு மேல் வைக்காதீர்கள், பிள்ளைகளை விழுங்க விடாதீர்கள் என்று தினமும் தாய்மார்களிடம் தொண்டை வற்றச் சொல்கிறவர்தான். ஆனால் தன் விஷயத்தில் பட்டாணிக் கணக்கெல்லாம் பார்க்கவில்லை. இருப்பதிலேயே வீரியமான மாத்திரையாக வாங்கினார். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, நடுவில் கொறிக்க ஒரு கைப்பிடி பிரேசில் கொட்டை. அதிலும் செலீனியம் மண்டிக் கிடக்கிறதாம்.

சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்தது. கையுறைக்குள் நகங்கள் பிளந்தன. மாலையானால் அசதி, தொட்டதற்கெல்லாம் கோபம். மறுபடியும் தேடினார். செலீனியம் குறைந்தால் முடி கொட்டும் என்று போட்டிருந்தது. அதிகமானாலும் கொட்டும் என்று அடுத்த வரியில் இருந்தது. அவர்தான் முதல் வரியிலேயே திருப்தியாகி எழுந்துவிட்டாரே! மாத்திரையை இரண்டு மடங்காக்கினார்.

"எங்க டாக்டர் ஒண்ணுக்கு மேல தொடவே கூடாதுன்னாருடா" என்றாள் அக்கா போனில்.

"உங்க டாக்டர் பயந்தாங்கொள்ளிக்கா."

இந்த நிலையில்தான் தோல் டாக்டரம்மா வேர் சிகிச்சைக்கு வந்து படுத்தார். பல்லை மட்டும் விட்டு வாயை மூடும் ரப்பர் விரிப்பு மாட்டியாகிவிட்டது. பல் டாக்டர் வழக்கம்போல, பதில் சொல்ல முடியாதவரிடம் பேச்சுக் கொடுத்தார்.

"நீங்க தோல் டாக்டர்தானே, முடி இப்படிக் கொட்டுது பாருங்க. நகமும் உடையுது. வாயில பூண்டு வாடை வேற அடிக்குதாம். பூண்டைக் கண்ணால பாத்தே ரெண்டு மாசம் ஆச்சு. டென்ஷனா இருக்குமோ?"

அந்தம்மா கண்ணை அகல விரித்தார். "ம்ம்! ம்ம்ம்!" என்று அவர் கையைப் பிடித்தார்.

"ஐயோ, வலிக்குதா?" என்று பரிவோடு கேட்டு இன்னொரு மரப்பு ஊசி போட்டார் பல் டாக்டர்.

விரிப்பைக் கழற்றியபோது அந்தம்மாவுக்குப் பாதி நாக்கு இருக்கிற உணர்வே இல்லை.

"ஷெ... ஷெலீனியம்?"

பல் டாக்டர் முகம் மலர்ந்துபோனது. "அதேதான் மேடம்! நானும் அதான் சாப்பிடறேன். நாலு மாத்திரை!"

அந்தம்மா பேசுவதை விட்டுவிட்டு, பல் டாக்டரின் கையுறையை உருவி எறிந்தார். நகங்களின் குறுக்கே வெள்ளைக் கோடுகள். சுண்டுவிரல் நகம் கழன்று ஆடியது. பக்கத்திலிருந்த மருந்துச் சீட்டை இழுத்து, 'உடனே நிறுத்துங்க' என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டார்.

ரத்தப் பரிசோதனை அந்தம்மாவின் சந்தேகத்தை உறுதி செய்தது. முடிவைக் கேட்கப் பல் டாக்டர் போனபோது அவருடைய நாக்கு சரியாகியிருந்தது. அதை நன்றாகவே பயன்படுத்தினார்.

"ஒரு நாளைக்கு ஒரு பொடி உப்புப் பரல் எடை இருந்தாப் போதும் சார். அது சாப்பாட்டுலயே கிடைச்சுடும். மிச்சத்தை உடம்பு எப்படியாவது வெளிய தள்ளப் பாக்கும், மூச்சு வழியாகவும். அதுதான் அந்தப் பூண்டு வாடை."

"சரி, இதுக்கு என்ன மாத்திரை?"

"நிறுத்தறதுதான்."

"கூடவே ஏதாவது..."

"ஒண்ணும் வேண்டாம்."

மருந்தில்லாத நோயைக் கேள்விப்பட்டிருந்தார். மருந்தே வேண்டாத நோய் அவரை அவமானப்படுத்தியது.

வீட்டில் சொன்னபோது மனைவி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு நிஜமாகவே அழுதாள். அதற்குள் மனசில் ஒருத்திக்கு உருவம் கொடுத்து, புடவை நிறம்கூட முடிவு செய்து வைத்திருந்தாளாம். அக்காவோ விஷயம் காதில் விழுந்ததுமே தன் மாத்திரையைக் குப்பையில் போட்டுவிட்டாள். "உன் டாக்டரைக் கேக்காம நிறுத்தாதக்கா, உனக்கு அது தேவைப்படலாம்" என்று செலீனியத்துக்காக அவளிடம் மன்றாட வேண்டிய கதி தம்பிக்கு வந்தது.

வாடை முதலில் போனது. நகத்துக் கோடுகள் மெல்ல நகர்ந்து நுனிக்கு வந்தன, வெட்டி எறிந்தார். தலையில் பூனைமயிர்போல முளைக்கத் தொடங்கியது.

தெம்பு வந்ததும், பாதியில் நிற்கும் வேர் சிகிச்சை நினைவுக்கு வந்து தோல் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டார். "எப்ப வர்றீங்க மேடம்? பல்லை அப்படியே விடக்கூடாது."



"தப்பா எடுத்துக்காதீங்க டாக்டர். அதை வேற ஒருத்தர்கிட்ட முடிச்சுட்டேன். அவரு பேசறதே இல்ல."