மாமா நிறுத்திய விசிறி

மார்ச் 9, ஞாயிறு. இன்றைய தவறு: காரில் எதையெல்லாம் தொடக்கூடாது என்று மாமாவிடம் சொன்னேன். விசிறி தானாகச் சுற்றும் என்று சொல்லவில்லை. சின்னத் தவறுதான்.

'சின்ன' என்ற சொல்லை அடித்தாள். கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, அதையே மறுபடி எழுதினாள். தவறு மாமாவுடையது என்று எழுதத்தான் கை துறுதுறுத்தது. எழுதினால் நாளைக்குப் படிக்கும்போது அவளுக்கே கூச்சமாக இருக்கும்.

பகலில் உதிரிபாகக் கடையில் பில் போடுகிறவள் அவள். மாலையில் வகுப்பு: கார் எஞ்சினை ஆட்டிவைக்கும் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் மென்பொருளைப் படிப்பது, திருத்துவது, திரும்ப எழுதுவது. பூட்டிய பூட்டை நான்கு தடவை இழுத்துப் பார்க்கிற குணத்தால் வகுப்பில் அவளுக்கு 'செக்கிங்' என்று பெயர். அந்தப் பெயர் எப்படியோ வீடு வரை வந்து, அக்காவின் கணவரான மாமாவின் வாயில் ஒட்டிக்கொண்டது.

கார் அக்காவுடையது. கிளினிக்குகளில் எடுக்கும் ரத்த மாதிரிகளைக் காலையில் ஆய்வகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை அக்காவுக்கு இப்போதுதான் கிடைத்திருந்தது. மாதிரிகள் சூடாகக்கூடாது, ஏசி ஓடியே ஆகவேண்டும். ஏசி ஓடினாலோ, சிக்னலில் நின்றதும் எஞ்சின் இரண்டு இருமல் இருமிவிட்டு அணைந்துவிடும். பின்னாலிருப்பவர்கள் ஹாரனால் திட்டுவார்கள். மெக்கானிக் எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து மாட்டிவிட்டு, "பாகமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நிக்கிறப்ப எஞ்சின் சுத்துற வேகம்தான் பத்தல" என்று கையை விரித்துவிட்டார். அந்த வேகம் மென்பொருளுக்குள் ஒரு எண். ஏசி ஓடும்போது மட்டும் அதைக் கொஞ்சம் கூட்டினால் போதும்.

ஒரு வாரமாக அவள் அதற்குத் தயாரானாள். பழைய மென்பொருளைக் காரிலிருந்து இரண்டு முறை படியெடுத்து, இரண்டும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டு, வெவ்வேறு இடத்தில் பத்திரப்படுத்தினாள். ஞாயிறு மதியம், குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் பேட்டரிக்குச் சார்ஜர் மாட்டினாள். ஸ்டூலில் லேப்டாப்பை வைத்து, கேபிளை ஜன்னல் வழியாக உள்ளே விட்டாள். கதவு தானாகப் பூட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று, டிரைவர் பக்கக் கண்ணாடியையும் இறக்கிவைத்தாள்.

"கதவைத் திறக்கக்கூடாது மாமா. லைட்டு, ரேடியோ, ஏசி எதையும் தொடக்கூடாது. போனை உள்ள சார்ஜ் போடக்கூடாது."

"மூச்சு விடலாமா?"

"தள்ளி நின்னு விடுங்க."

"ஆபரேஷன் தியேட்டர்ல கூட இவ்வளவு கெடுபிடி இல்லம்மா."

எஞ்சின் ஓடாமல் மின்சாரம் மட்டும் வரும் நிலைக்குச் சாவியைத் திருப்பிவிட்டு, எழுதும் பொத்தானை அழுத்தினாள். பழையது அழிந்தது. எண்ணைக் கூட்டிய புதியது கொஞ்சம் கொஞ்சமாக ஏறத் தொடங்கியது. கம்ப்யூட்டருக்குச் சுயநினைவு இல்லாத அந்த இடைவெளியில், முன்னால் இருக்கும் ரேடியேட்டர் விசிறி முழு வேகத்தில் சுற்றும். அது அவளுக்குத் தெரியும். வகுப்பில் கேட்டுக் கேட்டுப் பழகிய சத்தம். பேட்டரி தாங்குகிறதா என்று மீட்டரோடு முன்பக்கம் குனிந்தாள்.

விசிறி சட்டென்று நின்றது.

நிமிர்ந்து பார்த்தால், மாமாவின் கை டிரைவர் ஜன்னலுக்குள் தோள் வரை போயிருந்தது. சாவியைத் திருப்பி மின்சாரத்தை அணைத்திருந்தார்.

"என்னா சத்தம்! வண்டி வெந்துபோயிருக்கும். நல்ல வேளை நான் இருந்தேன்."

"மாமா..."

"ஏன்? கதவைத் திறக்கலையே!"

உண்மைதான். திறக்கவில்லை. கை போக வழி வைத்ததும் அவள்தான்.

சாவியைத் திருப்பினாள். விசிறி அலறியது. எஞ்சின் செத்துக் கிடந்தது. லேப்டாப் 'பதில் இல்லை' என்றது. மறுபடி முயன்றாள், மறுபடியும் அதேதான். ஞாயிற்றுக்கிழமை ஆசிரியர் போனை எடுக்கமாட்டார் என்று தெரிந்தும் கூப்பிட்டாள். அவர் எடுக்கவில்லை.

சத்தம் கேட்டு அக்கா இறங்கி வந்தாள்.

"என்னாச்சுடி?"

"பாதியில நின்னுடுச்சு."

"நாளைக்கு ஓடுமா, ஓடாதா? அதை மட்டும் சொல்லு."

"தெரியலக்கா."

அக்காவுக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர் ஒரே ஒரு காலை வரவில்லை. மறுநாள் அந்த இடத்துக்கு அக்கா வந்துவிட்டாள். அக்கா திட்டியிருந்தால் தேவலை. அவள் படியில் உட்கார்ந்து காரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கழுவித் துடைச்சு நல்லா இருந்த வண்டி," என்றார் மாமா, யாரிடமும் இல்லாமல்.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க," என்றாள் அக்கா.

பாதியில் நின்ற எழுத்தை மீட்க மென்பொருளில் ஒரு வழி உண்டு. அதை அழுத்தினாள். 'மின்னழுத்தம் போதவில்லை' என்று மறுத்தது. சார்ஜர் கவ்விகளைத் துடைத்து மாட்டினாள். மறுத்தது. அரை மணி பொறுத்துச் சாவியைத் திருப்பினாள். விசிறி அலறியது, மீட்டரில் எண் சரிந்தது, மறுத்தது. லேப்டாப்பைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது. அதுவும் தவணையில் வாங்கியது.

"பக்கத்து வீட்டு வண்டியிலேருந்து ஒயர் இழுக்கவா?" மாமா மெதுவாகக் கேட்டார்.

"வேணாம்!" என்று கத்தியவள் அப்படியே நின்றாள். சார்ஜர் கொடுப்பதையெல்லாம் விசிறி தின்கிறது. எஞ்சின் ஓடாதபோது விசிறி எதற்கு? அதன் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டால்? இவ்வளவு நேரம் இது ஏன் தோன்றவில்லை என்று தன்மேலேயே எரிச்சலாக வந்தது. அதோடு பயமும்: திரும்ப மாட்ட மறந்தால் நாளை நடுரோட்டில் எஞ்சின் கொதித்துவிடும்.

ஃபியூஸ் பெட்டி மூடியில் இருந்த படத்தைப் பார்த்து ஃபியூஸை உருவி, அக்காவின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"இதைக் கீழ வைக்காதே. நான் கேக்கலைன்னாலும் நீயே குடு."

"நான் என்ன பண்ணணும்?" என்றார் மாமா.

"கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்க மாமா."

நின்றார். பின்பக்கமாகவே கட்டிக்கொண்டு நின்றார்.

இந்த முறை சாவியைத் திருப்பியபோது விசிறி பேசவில்லை. மீட்டரில் எண் அசையவில்லை. புதிய மென்பொருளில் கை போய், விலகி, பழையதைத் தேர்ந்தெடுத்தது. அது ஏறத் தொடங்கியது. மாடியில் யாரோ குழாயைத் திறந்த சத்தம் கேட்டதற்கே அவள் திரும்பி மாமாவின் கைகளைப் பார்த்தாள். கடைசியில் 'முடிந்தது' என்று வந்தது. சாவியை அணைத்து, காத்திருந்து, மறுபடி திருப்பினாள். எஞ்சின் பிடித்துக்கொண்டது.

அவள் கேட்கும் முன்பே அக்காவின் கை நீண்டது. வியர்வையில் நனைந்திருந்த ஃபியூஸைத் துடைத்து மாட்டினாள். எஞ்சின் சூடேறி விசிறி தானாகச் சுற்றி நிற்கும்வரை மூவரும் அங்கேயே நின்றார்கள்.

பிறகு அக்கா ஏசியைப் போட்டாள். எஞ்சின் இருமியது. அணைந்தது. காலையில் இருந்த இடத்துக்கே வந்து சேர்ந்திருந்தார்கள்.

"அதான் உயிர் வந்துடுச்சே. இப்பவே அந்தப் புதுசைப் போட்டுடேன்," என்றார் மாமா.

"இன்னைக்கு வேணாம்."

"பயமா, செக்கிங்?"

"ஆமா மாமா. பயம்தான்."

அக்கா சாவியை வாங்கிக்கொண்டாள். "வண்டி ஓடுது. அது போதும்," என்றாள். அது பாராட்டா, மன்னிப்பா என்று அவளுக்கு விளங்கவில்லை.

டைரியில் மிச்சத்தையும் எழுதினாள். கேபிளைச் சுருட்டிவைத்தாயிற்று. ஃபியூஸ் இடத்தில் இருக்கிறது, போய்ப் பார்த்தேன். புதிய மென்பொருள், அக்காவுக்கு விடுமுறை வரும் நாளில்தான். அன்றைக்கு மாமா ஊரிலேயே இருக்கக்கூடாது என்று எழுதி, அதையும் அடித்தாள். விசிறி சத்தம் போடும் என்று மாமாவிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று மாற்றி எழுதினாள்.

நாளை: கடைக்குத் தாமதமாக வருவதாகச் சொல்லிவிட்டு, காலையில் அக்காவோடு காரில் போக வேண்டும். சிக்னலில் நிற்கும்போது ஏசியை அணைப்பதும், கிளம்பியதும் போடுவதும் என் வேலை.