முள்ளில் மாட்டிய துணி

என் வீட்டுக்காரர் பகலில் பொய்ப்பல் செய்வார், மீதி நேரத்தில் பொய்மீன் சேர்ப்பார். இரண்டுமே கடிக்காத ஜாதி என்று நான் சொன்னால் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். பொய்மீன் என்பது தூண்டிலில் புழுவுக்குப் பதிலாகக் கட்டுவது. விரல் நீளத்துக்கு மரத்தில் செதுக்கி, மீன் மாதிரி வண்ணம் பூசி, வயிற்றிலும் வாலிலும் முள் மாட்டியிருப்பார்கள். பெரிய மீன் அதைக் குட்டி மீன் என்று நினைத்துக் கவ்வி மாட்டிக்கொள்ளும். எங்கள் கூடத்தில் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரி. அதில் மாட்டிக்கொண்டது அவர்.

கண்ணைப் பார்த்தே காலம் சொல்லுவார். கண்ணாடிக் கண் என்றால் ரொம்பப் பழசு, தூரிகையால் வரைந்த கண் என்றால் பிற்பாடு வந்தது. வார்னிஷில் விழுந்த வெடிப்பை லென்ஸ் வைத்துப் பார்த்து, மேலே யாராவது புதுசாகப் பெயிண்ட் அடித்திருக்கிறார்களா என்று கண்டுபிடிப்பார். எல்லாவற்றுக்கும் மேல் ஒரு சட்டம் உண்டு. எப்படிக் கிடைத்ததோ அப்படியே வைக்க வேண்டும். துருவைச் சுரண்டக் கூடாது, முள்ளில் பாசி சிக்கியிருந்தால் அந்தப் பாசியைக்கூடத் தொடக் கூடாது. ஒருமுறை நான் தெரியாமல் ஒன்றை ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார். வீடு அமைதியாக இருந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

இந்தச் சட்டமெல்லாம் தெரிவதற்கு முன்னால் ஒரு பச்சைப் பொய்மீனின் உடைந்த தாடையைப் பொய்ப்பல்லுக்கு ஈறு வைக்கிற ரோஸ் நிறப் பசையால் அடைத்துவிட்டார். கெடுத்துவிட்டேனே என்று புலம்புவார். ஆனால் அதன் மேல்தான் உயிர்.

என் தம்பிக்கும் அதன் மேல்தான் கண். பஸ் டிப்போவில் மெக்கானிக். தண்ணீரைக் கண்டால் விடமாட்டான் என்பதால் அவனுக்கு வாத்து என்று பெயர். "ஒரே ஒரு நாள் குடுங்க மாமா, ஏரியில போட்டுப் பாத்துட்டுத் தந்துடறேன்" என்று கெஞ்சினான். இவர் முடியவே முடியாது என்றார். மறுநாள் காலையில் அலமாரியில் அந்தப் பச்சை இல்லை. தம்பி வேலைக்கும் போகவில்லை, வீட்டுக்கும் வரவில்லை.

"வாத்து ஆட்டையப் போட்டுட்டுக் கம்பி நீட்டிட்டான்" என்று இவர் போலீஸ் முதல் பால்காரர் வரைக்கும் சொன்னார். போலீஸ் பஸ் நிலையங்களில் விசாரித்தது. நன்றாக நீந்துகிறவன் என்பதால் ஏரியில் யாரும் தேடவில்லை. மரக்கட்டைக்காகவா ஒருத்தன் பெண்டாட்டியை விட்டு ஓடுவான் என்று கேட்டுக் கேட்டு என் வாய்தான் வலித்தது. ஊர் வாய் தம்பி மனைவியைச் சும்மா விடவில்லை. ஓடிப்போனவன் பெண்டாட்டி என்ற பெயரோடு அவள் ஒற்றை அறைக்கு மாறி, சலவைக்கடையில் துணி தேய்த்துப் பிழைத்தாள். எட்டு வருஷமாகக் கதவு தட்டுகிற சத்தம் கேட்டாலே அவளுக்குத் தூக்கிவாரிப் போடும்.

போன கோடையில் மதகைப் பழுதுபார்க்க ஏரியை வடித்தார்கள். பொய்மீன்காரர்களுக்கு அது கல்யாண வீடு. தண்ணீருக்கு அடியில் நின்ற பட்ட மரங்களில் எத்தனையோ வருஷமாகச் சிக்கி அறுந்தவை எல்லாம் வெளியே தெரியும். இவரும் முழங்கால் பூட்ஸ் மாட்டி, சிக்கிய நூலை நறுக்க ஒரு கத்தரியோடு தினமும் போனார். ஒரு நாள் மட்டும் வந்ததும் வராததுமாகக் குளித்துவிட்டு, சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். வெயில் தாக்கிவிட்டது என்று நினைத்து மோர் கரைத்துக் கொடுத்தேன். அப்புறம் அவர் ஏரிப் பக்கமே போகவில்லை. மதகு வேலை முடிந்தது, மழை வந்தது, ஏரி நிரம்பிவிட்டது.

நேற்று மத்தியானம் திருப்புளி தேடி அவருடைய கீழ் டிராயரை இழுத்தேன். பஞ்சுக்குள் அந்தப் பச்சை இருந்தது. தாடையில் ரோஸ் நிற ஈறு. வயிற்று முள்ளில் உள்ளங்கை அகலத்துக்குக் கருநீலத் துணி, ஓரத்தில் மஞ்சள் தையல். டிப்போச் சட்டையின் பாக்கெட். அந்தச் சட்டையை இடுப்பில் பிடித்துத் தைத்துக் கொடுத்தவளே நான்தான். பாலியஸ்டர் தண்ணீரில் மக்காது. துணிக்கடையில் ஆல்டரேஷன் மேஜையில் உட்காருகிறவளுக்கு வேறொன்றும் தெரியும். கிழிந்த துணியில் நூல் தொங்கும். இதில் நான்கு பக்கமும் நேராக இருந்தது.

அவர் வரும்வரை அதை மேஜையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"எங்க கிடைச்சுது?"

நின்ற இடத்திலேயே பையைக் கீழே வைத்தார். "ஏரியில. மதகுக்கு இந்தப் பக்கம், பெரிய கட்டைக்கு அடியில."

"இந்தத் துணி?"

"முள்ளுல மாட்டியிருந்துச்சு, நூல் கட்டையில சுத்திக் கிடந்துச்சு. எடுக்கக் கூடாதுல்ல, அதான் அப்படியே..."

"கத்தரியால வெட்டியிருக்கு. மீதிச் சட்டை எங்க?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அவன் மேலதான்" என்றார்.

எனக்கு அழுகை வரவில்லை. அவரைக் கொன்றுவிடலாம் போல இருந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"திருடன், ஓடிட்டான்னு ஊர் பூரா சொல்லி வச்சுட்டேன். அதுவுமில்லாம போலீஸ் வந்தா இதையும் எடுத்துட்டுப் போயிருப்பாங்க. மூட்டையில கட்டிப் போட்டு நாசம் பண்ணிடுவாங்க." கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "சேத்தை மேல தள்ளி மூடிட்டுத்தான் வந்தேன்" என்றார், ஏதோ நல்லது செய்துவிட்டு வந்த மாதிரி.

நான் பஞ்சோடு எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வாசல் வரை வந்து, "துணிய வேணா கொண்டு போ, அத மட்டும் வச்சுட்டுப் போயேன்" என்றார். திரும்பிப் பார்க்கவில்லை. போலீஸுக்குப் போவதற்கு முன்னால் அவளுக்குத் தெரிய வேண்டும்.

தம்பி மனைவி சலவைக்கடையில் யாரோ ஒருவருடைய சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். துணியைப் பார்த்ததும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"இது அவரோடது."

"ஆமா."

"அப்ப ஓடிப் போகலையா, அண்ணி?"

"ஓடிப் போகலம்மா. ஏரியிலதான் இருக்கான். மதகுப் பக்கம், பெரிய கட்டைக்கு அடியில."

அவள் அந்த மஞ்சள் தையலை விரலால் தடவினாள். முகத்தில் முதலில் ஒரு நிம்மதிதான் வந்தது, அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. பிறகு மெல்லக் குனிந்து தன் செருப்பைப் பார்த்தாள்.

"தண்ணி வத்தியிருந்தப்ப ஏரிக்குள்ள இறங்கித்தான் நான் வேலைக்கு வருவேன், அண்ணி, குறுக்கு வழின்னு. அந்தக் கட்டையில உக்காந்துதான் தினமும் செருப்புச் சேத்தத் தட்டுவேன்."