குளத்தைச் சுற்றிப் போகிறவர்

பதினோராவது கூடைக்கு எறிய வந்து நின்றாலே லைல் ஹூக்ஸ்ட்ராவுக்குக் கொஞ்சம் திமிர் வந்துவிடும். மற்றப் பதினேழு கூடைகளிலும் அவர் அறுபத்தாறு வயதுக் கிழவர்தான். பள்ளிக்கூடப் பேருந்துகளுக்கு அடியில் படுத்துக்கொண்டு முப்பத்தைந்து வருடம் திருகு முடுக்கிய தோள் அவருடையது. இளவட்டங்கள் எறிகிற தூரத்தில் பாதிதான் அவருடைய தட்டு போகும். பதினொன்றில் மட்டும் கதை வேறு. எறிகிற மேடைக்கு முன்னால் குளம், குளத்துக்கு அந்தப் பக்கம் மேட்டின் மேல் சங்கிலி தொங்கும் இரும்புக் கூடை, நடுவே இருநூற்று நாற்பது அடி தண்ணீர். பென்வெல் பூங்காவில் ஞாயிற்றுக்கிழமைகளில் டிஸ்க் கால்ஃப் ஆட, அதாவது பிளாஸ்டிக் தட்டை எறிந்து பதினெட்டுக் கூடைகளில் ஒவ்வொன்றாக விழவைக்க, வருகிறவர்களில் அந்தக் குளத்துக்குத் தட்டைக் காணிக்கை கொடுக்காதவர்கள் குறைவு. லைல் பல வருடங்களாகக் கொடுத்ததில்லை. அவரிடம் அந்தச் சிவப்புத் தட்டு இருந்தது.

அதை அவர் 1991-இல் புதிதாக வாங்கினார். அப்போது அது மகா முரடு. எப்படி எறிந்தாலும் கடைசியில் இடப்பக்கம் வெட்டிக்கொண்டு போய் விழும். அதை அடக்குகிற வேகம் அன்றைக்கு அவர் கையில் இருந்தது. பிறகு மேப்பிள் மரங்களில் மோதியும், சங்கிலியில் இடித்தும், உறைந்த தரையில் உராய்ந்தும் விளிம்பு மழுங்கிப் போய், அதன் முரட்டுத்தனம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. அதே வருடங்களில் லைலின் கையும் வேகம் இழந்துகொண்டு வந்தது. கை தளர்ந்த அளவுக்குத் தட்டும் தளர்ந்து கொடுத்தது. அதனால் பறக்கிற பாதை மட்டும் மாறவே இல்லை. கையை விட்டதும் நேராகக் கிளம்பும். குளத்தின் நடுவில் வலப்பக்கம் மெல்லச் சாய்ந்து, வில்லோ மரத்தை ஒட்டிப் போகும். கடைசியில் ஏதோ ஞாபகம் வந்தமாதிரி இடப்பக்கம் திரும்பி, கூடைக்குப் பக்கத்தில் உட்காரும்.

இந்தக் காலத்துத் தட்டுகளை லைலுக்குக் கட்டோடு பிடிக்காது. விளிம்பைக் கத்தி மாதிரி தீட்டி வைத்திருக்கிறான்கள், பறக்க வேண்டியதை ஓடவிடுகிறான்கள் என்பார். சிவப்புத் தட்டைச் செய்தவர்கள் அந்த அச்சை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். பிறகு அதே பெயரில் ஒன்று கடைக்கு வந்தது. பெயர்தான் அதே, சுபாவம் வேறு என்று லைல் ஒருமுறை எறிந்துவிட்டு அதை யாருக்கோ கொடுத்துவிட்டார்.

அவருடைய நாற்பது வருடக் கூட்டாளி ராட்னி வான்டைக், குளத்தின் பக்கமே எறியமாட்டார். வலப்பக்கக் கரையில் இருக்கும் புல்வெளிக்கு ஒரு சின்ன எறி, அங்கிருந்து கூடைக்கு இன்னொரு எறி. மற்றவர்கள் தண்ணீருக்கு மேலே எறிந்துவிட்டு இடப்பக்கத்துப் பலகைப் பாலத்தில் ஒரு நிமிடத்தில் கடந்து போவார்கள். ராட்னி பையைத் தூக்கிக்கொண்டு தன்னந்தனியாகச் சுற்றிக்கொண்டு வருவார். லைலுக்கு வாய் சும்மா இருக்காது. "உனக்குத் தண்ணியில கண்டமாடா?" என்று ஒவ்வொரு ஞாயிறும் கேட்பார். ராட்னி சிரித்துவிட்டு நடப்பார்.

முதல் எறியிலேயே தட்டு கூடைக்குள் விழுந்தால் அதற்கு ஏஸ் என்று பெயர். இருபது வருடம் ஆடியும் ஒன்றுகூட வாய்க்காதவர்கள் உண்டு. ஏஸ் விழுந்த தட்டை மறுபடி எறியக்கூடாது. கூட இருந்தவர்கள் அதில் கையெழுத்துப் போடுவார்கள், எறிந்தவர் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சுவரில் மாட்டிக்கொள்வார். இது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம். பென்வெல்லில் மட்டும் தட்டு வீட்டுக்குப் போகாது. பூங்காக் கொட்டகையின் உத்தரத்தில் வைத்து, நடுவில் துளை போட்டுத் திருகாணியால் முடுக்கிவிடுவார்கள். மனசு மாறி யாரும் கழற்றிக்கொண்டு போகக் கூடாதே, அதற்காக. இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்த புண்ணியவான் லைல்தான்.

அந்த ஏற்பாடு வந்த வருடம், 1994-இல், ஒரு சின்னத் தகராறு நடந்தது. ஞாயிறு ஆட்டம் ஜோடி ஆட்டம். யாருக்கு யார் ஜோடி என்று குலுக்கிப் போடுவார்கள், ஜோடியின் பை உங்கள் பை, அதிலிருந்து எந்தத் தட்டையும் வாங்கி எறியலாம். அப்படி ராட்னியின் மஞ்சள் தட்டை வாங்கி எறிந்த ஒருவனுக்கு ஏஸ் விழுந்துவிட்டது. தட்டைத் தன்னிடமே விட்டுவிடுங்கள், வேண்டுமானால் ஒரு காகிதத்தில் எழுதி மாட்டிக்கொள்ளுங்கள் என்று ராட்னி கேட்டார். லைல் விழுந்து விழுந்து சிரித்தார்.

"பிளாஸ்டிக்தானடா. கடையில போயி இன்னொண்ணு வாங்கிக்கோ."

சொன்னதோடு நிற்காமல் துளையையும் அவரே போட்டார். அடுத்த வாரம் ஒரு அட்டையில் விதியையும் எழுதிக் கொட்டகைத் தூணில் அடித்தார்: 'ஏஸ் விழுந்த தட்டு உத்தரத்துக்கே. யார் எறிந்தாலும் சரி, யாருடைய தட்டானாலும் சரி.' பிளாஸ்டிக் உறைக்குள் அந்த அட்டை இன்றைக்கும் இருக்கிறது.

இந்த அக்டோபரில் ஒரு ஞாயிறு, குலுக்கலில் லைலுக்கு ஜோடியாக கிர்ஸ்டன் வந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ். இருபத்தொன்பது வயது, சாட்டை மாதிரி கை. எட்டாவது கூடையில் அவளுடைய நல்ல தட்டு ஓக் மரத்தின் உச்சியில் போய் உட்கார்ந்துகொண்டது. பதினொன்றுக்கு வந்தபோது மிச்சமிருந்த தட்டுகளைப் புரட்டிப் பார்த்து, எதை எறிந்தாலும் குளம்தான் என்று உதட்டைப் பிதுக்கினாள்.

அவள் சிவப்புத் தட்டைக் கேட்கவில்லை. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பிற்பாடு லைலே தனக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டது இதைத்தான்: அவள் கேட்கவில்லை, நான்தான் எடுத்து நீட்டினேன்.

நீட்டியதற்குக் காரணம் தாராள மனசு என்று சொல்லிவிட முடியாது. முப்பத்து மூன்று வருடத்தில் அந்தத் தட்டு பறப்பதை அவர் எறிந்த கையோடு, உடம்பு முறுக்கிய நிலையில்தான் பார்த்திருக்கிறார். ஒருமுறை, ஒரே ஒருமுறை, சும்மா கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்க்க வேண்டும் என்று ஆசை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள்.

"பாதி வேகம் போதும். மீதியை அதுவே பாத்துக்கும்" என்றார்.

கிர்ஸ்டன் சொன்னபடி கேட்கிற பெண். பாதி வேகத்தில் எறிந்தாள். தட்டு நேராகக் கிளம்பியது. குளத்தின் நடுவில் சாய்ந்தது. சிவப்பு தண்ணீரிலும் தெரிந்தது. இத்தனை அழகாகவா போகும் இது என்று லைல் பார்த்துக்கொண்டு நின்றார். வில்லோ மரத்தை ஒட்டி வழுக்கி, திரும்பி, இறங்கி, சங்கிலியில் மோதிக் கூடைக்குள் விழுந்தது. அந்தச் சத்தம் தண்ணீரைத் தாண்டி வந்து சேர்ந்தபோது முதலில் கத்தியவர் லைல்தான். கையைத் தூக்கிக்கொண்டு கிர்ஸ்டனைக் கட்டிப்பிடித்து இரண்டு குதி குதித்தார். மூன்றாவது குதிக்குக் கால் எழும்பவில்லை. என்ன நடந்துவிட்டது என்று அப்போதுதான் புத்திக்கு எட்டியது.

பத்தாவது கூடையில் நின்றவர்களும் பன்னிரண்டில் நின்றவர்களும் ஓடி வந்துவிட்டார்கள். கிர்ஸ்டனுக்கு இது வாழ்க்கையில் முதல் ஏஸ். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். யாரோ பேனாவை எடுத்தார்கள். தட்டின் அடிப்பக்கத்தில் லைல் 1991-இல் எழுதிய பெயரும், தொலைந்தால் கூப்பிடச் சொல்லிப் போட்ட பழைய தொலைபேசி எண்ணும் மங்கலாக இருந்தன. அதைச் சுற்றிப் பதினான்கு கையெழுத்துகள் விழுந்தன. பேனா லைலிடமும் வந்தது. அவரும் போட்டார்.

ஆட்டம் முடிந்து கொட்டகைக்கு வந்தபிறகுதான் கிர்ஸ்டன் அவர் முகத்தைக் கவனித்தாள். விஷயம் புரிந்ததும் தட்டை எடுத்துக்கொண்டு அவரிடம் ஓடிவந்தாள். இதை மாட்டவேண்டாம், எடுத்துக்கொண்டு போங்கள், எனக்குப் படம் இருக்கிறது, அது போதும் என்று அவர் கையில் திணிக்கப் பார்த்தாள். ராட்னி தன் வண்டியிலிருந்து துளை போடும் கருவியை எடுத்துவந்து நின்றார்.

"விதி எழுதினவன் நீ. நீ என்ன சொல்றியோ அதான்" என்றார் ராட்னி.

குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் லைலுக்குச் சுலபமாக இருந்திருக்கும், இரண்டு வார்த்தை பதிலுக்கு விட்டிருப்பார். அவர் நிமிர்ந்து பார்த்தார். உத்தரத்தில் முதல் வரிசையில் மூன்றாவதாக மஞ்சள் தட்டு, வெயில் பட்டு வெளுத்துப் போய், திருகாணியில் துருவோடு இருந்தது. வேண்டாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. அந்த மஞ்சளுக்குக் கீழே நின்றுகொண்டு அதை எப்படிச் சொல்வது?

"மாட்டு" என்றார்.

ராட்னி அவசரப்படாமல் நடுமையத்தை விரலால் தடவிப் பார்த்துத் துளை போட்டார். சிவப்பாகச் சுருள் சுருளாக உதிர்ந்தது. லைல் தன் சட்டைப் பையில் எதையோ தேடுவதுபோலத் தலையைக் குனிந்துகொண்டார்.

அடுத்த மூன்று ஞாயிறுகளில் அவருடைய ஐந்து தட்டுகளைப் பதினோராவது கூடையின் குளம் விழுங்கியது. வேகமாக எறிந்து பார்த்தார், தோள் வலித்தது. உயரமாக எறிந்தார், காற்று தூக்கிக்கொண்டு போனது. வேறொருவர் தேய்த்துப் பழக்கிய பழைய தட்டை வாங்கி எறிந்தார். அது வேறொரு கைக்குப் பழகியது, பாதித் தூரத்திலேயே வலப்பக்கம் கவிழ்ந்தது. குளத்தைத் தாண்டுகிற வரைக்கும் தான் இன்னும் ஆட்டக்காரன் என்பது லைல் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த கணக்கு. அது இப்போது ஒவ்வொரு வாரமும் எல்லார் கண்ணெதிரேயும் தண்ணீரில் விழுந்துகொண்டிருந்தது. ஒருவரும் கிண்டல் செய்யவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

நான்காவது ஞாயிறு கிர்ஸ்டன் ஒரு அட்டைப் பெட்டியோடு வந்தாள். ஒஹாயோவில் பழைய தட்டுகள் சேர்த்துவைக்கும் ஒருவரைத் தேடிப் பிடித்திருக்கிறாள். அதே அச்சு, அதே வருடம், அதே சிவப்பு. ஒருமுறைகூட எறியாதது. லைல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடியில் பெயரும் எண்ணும் எழுதச் சொல்லி அவளே பேனா கொடுத்தாள். ஆட்டம் தொடங்கும் முன்பே எல்லாருமாகப் பதினொன்றுக்கு நடந்தார்கள்.

லைல் எறிந்தார். நன்றாகவே எறிந்தார், அந்த வயதில் அதைவிட நன்றாக எறிய முடியாது. தட்டு நேராகக் கிளம்பி, பாதிக் குளத்தில் வேகம் குறைந்ததும் இடப்பக்கம் வெட்டிக்கொண்டு போய்த் தண்ணீரில் செருகியது. அந்த வெட்டை அவருக்கு நன்றாகத் தெரியும். பழைய தட்டும் வாங்கிய முதல் கோடையில் கை சோர்ந்த மாலைகளில் எல்லாம் அப்படித்தான் போகும். ஒரு மாற்றமும் இல்லை.

"தட்டுல ஒரு குத்தமும் இல்லம்மா. அச்சு அசல் அதேதான்" என்றார் கிர்ஸ்டனிடம்.

அவள் அவர் முழங்கையைத் தொட்டுவிட்டுப் போனாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள். ராட்னி மட்டும் நின்றார். தண்ணீரில் வட்டங்கள் பெரிதாகி அடங்கின.

"பதினாலு வாங்கினேன்" என்றார் ராட்னி.

"எதை?"

"மஞ்சளை. கடையில போயி வாங்கிக்கோன்னு சொன்னியே. யாரும் இல்லாத நாள்ல தனியா வந்து எறிஞ்சு பாத்தேன். பதினாலும் இதுக்குள்ளதான் கெடக்கு."

லைல் திரும்பிப் பார்த்தார்.

"கடைசி ரெண்டை மட்டும் குளத்துப் பக்கம் கொண்டாராம மரத்துல அடிச்சு அடிச்சுப் பழக்கினேன். ஆறு வருஷம். சரியா வர்ற மாதிரி இருந்துச்சு. அதுக்குள்ள என் தோள் போயிடுச்சு. அதுகளையும் இதுலயே போட்டேன்."

அத்தனை வருடத்து ஞாயிறுகளும் லைலுக்கு ஒன்றாக நினைவு வந்தன. ராட்னி பையோடு தனியாகக் கரையில் நடந்தது, பாலத்தின் மேல் நின்று தான் கத்திய கிண்டல், எல்லாம்.

"எங்கிட்ட ஏண்டா சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணியிருப்பே?"

சிரித்திருப்பார். அது இருவருக்கும் தெரியும். உத்தரத்தில் ஏறியதை இறக்க இப்போதும் யாராலும் ஆகாது, இறக்கினாலும் துளை அடையாது. மன்னிப்புக் கேட்கலாம் என்று லைல் ஒரு வார்த்தை தேடினார். முப்பது வருடத்துக்கும் சேர்த்து ஒன்றும் அகப்படவில்லை.

"அப்புறம் என்ன பண்ணே?" என்று கேட்டார்.

ராட்னி பையிலிருந்து தடித்த விளிம்புள்ள குட்டைத் தட்டு ஒன்றை எடுத்து லைலின் கையில் கொடுத்தார். வலப்பக்கக் கரையில் இருந்த புல்வெளியைக் காட்டினார்.

"மொத எறி அங்க. வேகமா போடாதே, சரிவுல உருண்டுடும்."

லைல் எறிந்தார். அது புல்லில் விழுந்து அங்கேயே நின்றது. இருவரும் பைகளைத் தூக்கிக்கொண்டு கரையோடு நடந்தார்கள். வில்லோ மரம் வரைக்கும் சேறு, அதற்கப்புறம் கல். குளத்தைச் சுற்றி வர ஆறு நிமிடம் ஆயிற்று. அது அவ்வளவு தூரம் என்று லைலுக்கு அதுவரை தெரியாது.