பள்ளத்தில் கிடந்த இன்ஜின்

ஏலக்காய் தரம் பிரிக்கும் கிட்டங்கியில் மதியச் சாப்பாட்டுக்கு விட்டதும் அனுசியா தூக்குவாளியைத் திறக்கவில்லை. சேலையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டு, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, இரண்டு தெரு தள்ளியிருந்த ஜோசுவாவின் பட்டறைக்கு நடந்தாள். வெயிலில் போடியின் தார்ச்சாலை இளகிக் கிடந்தது. ஜோசுவா ஒரு ஜீப்புக்கு அடியில் படுத்திருந்தான். வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவன் கால்களைப் பார்த்ததும் அவள் சட்டென்று கண்ணைத் திருப்பிக்கொண்டாள். கால்கள் மட்டும் தனியாகத் தெரிந்தால் இப்போதெல்லாம் அவளுக்கு அப்படித்தான் ஆகிறது.

“நாளைக்கு மலைமேல போறியாமே தம்பி” என்றாள்.

அவன் புரண்டு வெளியே வந்தான். “ஆமா மதினி. கிரேனுக்குச் சொல்லியாச்சு. வனத்துறையிலயும் கேட்டாச்சு. அண்ணன் விடமாட்டேங்குறாரு, தெனமும் போன் போட்டுக்கிட்டே இருக்காரு.”

“போயிட்டு வா. வந்து, இன்ஜின் ஜாம் ஆயிருச்சுன்னு சொல்லிரு.”

“ஆயிருந்தா சொல்லத்தான் செய்வேன்.”

“ஆகலைன்னாலும் சொல்லு.”

ஜோசுவா கையிலிருந்த கிரீஸைப் பழந்துணியில் துடைத்தான். துடைத்த விரலையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தான். அவள் புருஷன் பாண்டித்துரையிடம்தான் அவன் வண்டி ஓட்டப் பழகினான். அவருடைய பிக்கப்புக்கு முதல் நாளிலிருந்து வேலை பார்த்தவனும் அவன்தான்.

“தனியா அவரு மூஞ்சியப் பாத்து எனக்குப் பொய் சொல்ல வராது மதினி. நீங்களும் வாங்க. ரெண்டு பேருமாப் பாத்தோம்னா சொல்லிக்கிரலாம்.”

அவள் திரும்பி நடந்தாள். கிட்டங்கிக்கு வந்து மறுபடி காய்க் குவியலின் முன்னால் உட்கார்ந்தபோது, வருவதாகத் தலையாட்டிவிட்டுத்தான் வந்திருக்கிறோம் என்பது நினைவுக்கு வந்தது.

பாண்டித்துரை போன ஆவணி மழையில் போடிமெட்டுப் பாதையில் விழுந்தார். எஸ்டேட்டுக்கு உரமூட்டை ஏற்றிக்கொண்டு போன வண்டி. வளைவு ஒன்றில் எதிரே மரம் சாய்ந்து கிடந்ததைப் பார்த்துப் பின்னால் எடுத்திருக்கிறார். ஊறிப் போயிருந்த சாலையோரம் பின்சக்கரத்தோடு பெயர்ந்து போனது. வண்டி பின்பக்கமாகவே சறுக்கி இறங்கி, ஒரு பாறையிலும் இரண்டு மரங்களிலும் மாட்டி, மூக்கு மேலே பார்க்க நின்றுவிட்டது. மடங்கி வந்த தகடுக்குள் அவருடைய இடது கால் சிக்கியது. வேலை முடிந்து இறங்கிய எஸ்டேட் ஜீப்பில் இருந்த பெண்கள்தான் சத்தம் கேட்டு நிறுத்தினார்கள். மதுரை ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு அவர் அழவில்லை, குடிக்கவில்லை, யாரையும் ஏசவில்லை. ஏசியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். ஜன்னலோரக் கட்டிலில் படுத்து, மேற்கே சுவர் மாதிரி எழும்பி நிற்கும் மலையையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் சோற்றுத் தட்டை வாங்கிக்கொண்டே, “இன்ஜின் நிக்கல தெரியுமா” என்றார். “நான் கெடந்தேன், அது பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருந்துச்சு. அதுக்கு ஒண்ணும் ஆகல.” வலிக்குக் கொடுத்த மாத்திரை மயக்கத்தில் இப்படித் தோன்றியிருக்கும் என்று அவள் நினைத்தாள். ஆனால் அந்த நினைப்பு அவரிடம் வளர்ந்தது. வாசலை ஒட்டிய தகரக் கொட்டகையில் பழைய அம்பாசடர் ஒன்று நின்றது. கல்யாணமான புதிதில் அவர் வாடகைக்கு ஓட்டிய கார். பிக்கப் வாங்கியபோது அதன் இன்ஜினை இன்னொரு டாக்சிக்காரருக்குக் கொடுத்துவிட்டு, கூட்டை மட்டும் விற்க மனசில்லாமல் வைத்திருந்தார். அதன் பின்சீட்டில் அவள் வெங்காயம் கொட்டி வைத்திருந்தாள். அந்தக் கூட்டுக்குள் இந்த இன்ஜினை ஏற்றிவிடலாம், கிளட்சைக் கைக்கு மாற்றிவிடலாம், எத்தனையோ பேர் செய்திருக்கிறார்கள் என்று போனில் படம் படமாகக் காட்டினார். அவள் பார்ப்பது போலப் பார்த்தாள். திரும்பவும் ஸ்டேரிங்கைப் பிடித்தால் அவர் எங்கே போவார் என்று அவளுக்குத் தெரியும். அந்த மலையைத் தவிர அவருக்கு வேறு திசை கிடையாது.

மறுநாள் காலையில் ஜோசுவாவின் ஜீப்பில் லோடுமேன்கள் நான்கு பேரோடு அவள் ஏறினாள். கிரேன் பின்னால் வந்தது. வளைவுகள் தொடங்கியதும் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பயமாக இருக்கும் என்றுதான் எதிர்பார்த்திருந்தாள். ஆனால் கொஞ்சம் ஏறியதும் காற்று மாறியது. ஈரமும் இலை மக்கிய வாசமுமாக ஒரு குளிர் வந்து கன்னத்தில் பட்டது. அதற்குப் பிறகு அவளுக்கு என்ன நினைப்பதென்றே தெரியவில்லை. அவள் பிறந்தது மலைக்கு அந்தப்புறம், எஸ்டேட் தொழிலாளர் லயத்தில். அக்கா முனியாயி இன்னும் அங்கேதான் காய் பறிக்கிறாள். கல்யாணமாகி இந்த வெக்கைக்கு இறங்கி வந்து இத்தனை வருஷத்தில், பாண்டித்துரையின் வண்டியில் முன்சீட்டில் உட்கார்ந்து மேலே போய் வருவதுதான் அவள் கண்ட ஊர்சுற்றல். விபத்துக்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. கிட்டங்கியில் காயைத் தரம் பிரிக்கும்போது, சில மூட்டைகளை அவிழ்த்ததும் எழும் பச்சை வாசனையில் கை அப்படியே நின்றுவிடும். அது எந்தச் சரிவில் விளைந்தது என்று அவளால் ஏறக்குறையச் சொல்ல முடியும். மலை இறங்கி வந்து மடியில் கிடக்கிறது, தான் போகவில்லை, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொள்வாள். மலையை இவ்வளவு தேடியிருக்கிறோம் என்பதை அந்தக் குளிர் வந்து பட்ட பிறகுதான் ஒப்புக்கொண்டாள். ஒப்புக்கொண்டதில் வெட்கமாக இருந்தது. அவர் காலைத் தின்ற மலை.

பள்ளத்துக்குள் கயிற்றைப் பிடித்துத்தான் இறங்க முடிந்தது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவளும் இறங்கினாள். வண்டி அவள் நினைத்திருந்ததைவிடச் சின்னதாக இருந்தது. பின்பெட்டி நசுங்கிக் காகிதம் போலக் கிடந்தது. முன்பக்கத்தில் கொடி ஏறியிருந்தது. உரமூட்டைகள் கரைந்த இடத்தில் மட்டும் புல் இடுப்பளவுக்குக் கரும்பச்சையாக நின்றது.

ஜோசுவா கதவில்லாத ஓட்டையின் வழியாகத் தலையை விட்டுப் பார்த்தான்.

“மதினி, சாவி ஆன்லயே இருக்கு.”

“இருந்தா?”

“யாரும் ஆஃப் பண்ணல. டீசல் தீர்ற வரைக்கும் ஓடித்தான் நின்னுருக்கு.” மூக்கு மேலே இருந்ததால் ரேடியேட்டர் உடையவில்லை என்று காட்டினான். பிறகு இரும்புக் கம்பியால் நெம்பி பானட்டைத் திறந்து, இன்ஜக்டர்களைக் கழற்றி, அந்த ஓட்டைகளில் டீசல் ஊற்றி ஊறவிட்டான். லோடுமேன்கள் பீடி பற்றவைத்தார்கள். ஜோசுவா சாவகாசமாக ஒரு பெரிய ஸ்பேனரை முன்னாலிருந்த புல்லியில் மாட்டி, பாறையில் காலை முட்டுக்கொடுத்து அழுத்தினான். அசையவில்லை. அனுசியா மூச்சை விட்டாள். பொய் சொல்ல வேண்டியிருக்காது.

இரண்டாவது தடவை அழுத்தியபோது உள்ளே எங்கோ மண் நெரிவது போல ஒரு சத்தம் கேட்டது. புல்லி கால்வட்டம் சுற்றியது. பிறகு அரைவட்டம். உஸ்ஸென்று நெடுமூச்சு விடுவது போலக் காற்று வெளியேறியது. ஜோசுவா ஸ்பேனரைப் பிடித்தபடியே அவளைத் திரும்பிப் பார்த்தான். சுற்றியதா என்று லோடுமேன்களில் ஒருவர் கேட்டார். அவள் சொல்லட்டும் என்று ஜோசுவா நின்றான்.

அவள் அந்த இடத்தைச் சுற்றிப் பார்த்தாள். ஓட்டுநர் சீட்டுக்குப் பக்கத்தில் இருந்த பாறையில் போய் உட்கார்ந்தாள். அவர் தலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்று பார்த்து, அதே பக்கம் தானும் சாய்ந்து பார்த்தாள். மரங்களுக்கு நடுவே ஒரு சந்து இருந்தது. அதன் வழியாகக் கீழே போடி தெரிந்தது. வெயிலில் தகரக்கூரைகள் மின்ன, தென்னந்தோப்புகளுக்கு நடுவில் யாரோ சுண்ணாம்பைக் கொட்டிவிட்டுப் போனது போல. ‘ஊர் தெரிஞ்சுச்சு’ என்று அவர் ஒருநாள் சொன்னது இதைத்தான். அன்று அந்த நேரத்தில் அவள் அந்தச் சுண்ணாம்புக் குவியலுக்குள் ஏதோ ஒரு கூரைக்குக் கீழே உட்கார்ந்து, எட்டு மில்லி பருமனுள்ள காயைத் தனியாகவும் ஏழு மில்லி காயைத் தனியாகவும் பிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்தவள் சொன்ன எதற்கோ சிரித்துக்கூட இருப்பாள். இங்கே அவரோடு இருந்தது இந்த இன்ஜின் ஒன்றுதான். டீசல் உள்ள மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

“மேல ஏத்து தம்பி” என்றாள்.

“யோசிச்சுச் சொல்லுங்க மதினி.”

“ஏத்துன்னு சொல்றேன்ல.”

இன்ஜினையும் கியர் பாக்ஸையும் பிரித்துக் கட்டி, கிரேன் கம்பியில் கோத்து இழுப்பதற்கு மாலையாகிவிட்டது. மரத்தில் இடிக்காமல் லோடுமேன்கள் கயிற்றால் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டே ஏறினார்கள். கொடியும் மண்ணும் ஒட்டிய அந்த இரும்பு, அந்தரத்தில் மெல்லத் திரும்பித் திரும்பி மேலே போவதை அவள் கீழே இருந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு பட்டறையில் பல வாரங்கள் போயின. பாண்டித்துரை தினமும் காலையில் ஆட்டோவில் போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். பிக்கப்பின் இன்ஜின் அம்பாசடருக்குள் லேசில் போகவில்லை. அடியில் இருந்த எண்ணெய்த் தொட்டி காரின் குறுக்குச் சட்டத்தில் இடித்தது. அதை வெட்டி வேறு வடிவத்தில் வெல்டிங் வைத்தார்கள். தாங்குகிற இடங்களைப் புதிதாகச் செய்தார்கள். பின்சக்கரத்துக்குப் போகும் தண்டை லேத்தில் கொடுத்து அளவு குறைத்தார்கள். ஆர்.டி.ஓ. ஆபீசுக்கும் நடந்தார்கள். கைக்கிளட்சை மதுரையில் சொல்லிச் செய்து வாங்கினான் ஜோசுவா. இதற்கிடையே செயற்கைக் கால் வந்தது. வீட்டுக்குள் நடந்து பழகு என்று ஆஸ்பத்திரியில் சொன்னதைக் கேட்காதவர், பட்டறைக்குள் காரைச் சுற்றிச் சுற்றி நடந்தே பழகிவிட்டார். வெங்காயத்தை எங்கே வைப்பது என்று அனுசியா சலித்துக்கொண்டாள். அந்தச் சலிப்பைக் கேட்டு அவர் சிரித்தது, நெடுநாள் கழித்துச் சிரித்தது.

ஸ்டார்ட் செய்யப்போகும் நாளில் அவளையும் வரச் சொன்னார்கள். ஜோசுவா சாவியை அவரிடம் நீட்ட, அவர் “நீ போடு” என்றுவிட்டு நாற்காலியிலேயே இருந்தார். முதலில் இருமியது. வெள்ளைப் புகை பட்டறையை நிறைத்தது. பிறகு பிடித்துக்கொண்டது. அனுசியா வாசலில் நின்றிருந்தாள். எத்தனை சாயங்காலங்களில் அடுப்படியில் நின்றபடி, தெருமுனையில் இந்தச் சத்தம் திரும்புவதைக் கேட்டு தீயைத் தூண்டிவிட்டிருக்கிறாள். இத்தனை மாதமாக வீட்டில் ஏதோ குறைகிறது என்று தேடியது இதைத்தான் போலிருக்கிறது. வீட்டிலேயே, ஜன்னலோரத்திலேயே இருந்த மனிதரை, வரவேண்டும் வரவேண்டும் என்று அவள் காத்திருந்திருக்கிறாள்.

பாண்டித்துரை கண்ணை மூடியிருந்தார். “கொஞ்சம் ஏத்தி வையி” என்றார். “இன்னங் கொஞ்சம். ம். இருக்கட்டும்.”

ஞாயிற்றுக்கிழமை முனியாயி வீட்டுக்குப் போவதென்று முடிவானது. யார் சொல்லி முடிவானது என்று அவளால் சொல்ல முடியாது. அக்காவுக்குப் போன் போட்டபோது அவள் அந்தப் பக்கம் அழுதாள். கொழுக்கட்டையும் கொஞ்சம் முறுக்கும் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு அனுசியா முன்சீட்டில் ஏறினாள். பாண்டித்துரை நன்றாகத்தான் ஓட்டினார். கிளட்சையும் கியரையும் கைகள் மாறி மாறிப் பிடிப்பதில் முதலில் ஒரு தடுமாற்றம் இருந்தது. ஊர் தாண்டியதும் அதுவும் போய்விட்டது. தெரிந்த டிரைவர்கள் எதிரே ஹாரன் அடித்துக் கையைத் தூக்கினார்கள். அவரும் தூக்கினார். வெயில் முகத்தில் அடித்தது. அவருடைய கழுத்து நிமிர்ந்திருந்த விதத்தை அவள் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு வந்தாள்.

முந்தல் செக்போஸ்டைத் தாண்டி, ஏற்றம் தொடங்கும் இடத்தில் வண்டி ஓரங்கட்டியது.

“என்ன, சூடாயிருச்சா?” என்றாள்.

“இல்ல.”

இரண்டு கைகளும் ஸ்டேரிங் மேல்தான் இருந்தன. விரல்மூட்டுகள் வெளுத்திருந்தன. வேலைக்காரப் பெண்களை ஏற்றிய ஜீப் ஒன்று அவர்களைக் கடந்து உறுமிக்கொண்டு ஏறியது. அது வளைவில் மறையும்வரை அவர் பார்த்தார்.

“திரும்பிருவோமா” என்றாள் மெதுவாக. “இன்னொரு நாளைக்குப் போயிக்கிரலாம். அக்கா ஒண்ணும் நெனைக்காது.”

அவர் தலையசைத்தார். எதற்கு அசைத்தார் என்று தெரியவில்லை. மலையில் மேகம் இறங்கி, மேல்வளைவுகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தது. மேலே இந்நேரம் குளிர ஆரம்பித்திருக்கும். அவள் அதை நினைத்த கணத்தில் அவர் திரும்பி அவளைப் பார்த்தார். அவள் முகத்தில் அதைப் படித்துவிட்டார் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

“மூணாறு பஸ்சு வர்ற நேரந்தான்” என்றார். “நீ அதுல ஏறிப் போ.”

“நீங்க?”

“நான் இருக்கேன்.”

“உங்கள ஒத்தையில விட்டுட்டா?”

“போத்தா. நீ மேல போயி எம்புட்டு நாளாச்சு. நான் செத்த நேரம் இங்கன இருக்கேன். நீ பக்கத்துல இருந்தா எனக்கு ரோசனை ஓடல.”

பஸ் வந்தபோது அவர்தான் ஜன்னல் வழியே கையை நீட்டி நிறுத்தினார். அவள் தூக்குவாளியோடு ஏறினாள். உட்கார இடம் இருந்தது. பள்ளத்தைப் பார்த்த ஜன்னலோரம். பஸ் புறப்பட்டு முதல் வளைவில் திரும்பியபோது கீழே வெள்ளைக் கார் நின்ற இடத்தில் நின்றது. இரண்டாவது வளைவிலும் நின்றது. அவருடைய முழங்கை மட்டும் ஜன்னலில் தெரிந்தது போலிருந்தது, அவ்வளவு தூரத்துக்குத் தெரியாது என்றும் தெரிந்தது. கண்டக்டர் வந்து டிக்கெட் கேட்டார். முந்தானை முடிப்பை அவிழ்த்துச் சில்லறை எடுத்துக் கொடுத்து, அவள் மறுபடி வெளியே பார்த்தபோது பஸ் அடுத்த வளைவைச் சுற்றி முடித்திருந்தது. கீழே சாலையோரம் வெறுமையாகக் கிடந்தது.

ஊர்ப்பக்கம் போகும் நேர்ச்சாலையை அவள் கண்ணால் துழாவினாள். வெயிலில் ஒரு டிராக்டர் போனது. அதன் பின்னால் புழுதி. வேறெதுவும் தெரியவில்லை, தென்னை மறைத்திருக்கலாம். பின்னால் ஏறி வருகிறாரோ என்று பார்த்தால், மலைப்பக்கச் சாலையைப் பாறை மறைத்தது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள். காற்று மாறிவிட்டிருந்தது. குளிர் காதுக்குள் புகுந்து இரைந்தது. தலைய உள்ள எடுங்கம்மா என்று கண்டக்டர் சொல்வது கேட்டது. அவள் எடுக்கவில்லை. ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மேகத்துக்குள் நுழைவதற்கு முன் மீதமிருந்த ஒரு வளைவுக்காகக் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.