கோணல் காலர்

என் மேசைக்கு மேலே வெள்ளை விளக்கு எரியும். தைத்து முடிந்த சட்டையை அதனடியில் விரித்து, பிழை இருக்கும் இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஒட்டுவேன். கம்பெனியில் என் பெயரே 'அம்பு'. எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். படித்த படிப்புக்குக் கிடைத்தது இந்த வேலை. போகட்டும்.

அன்று வந்த சட்டைக் கட்டில் காலர் எல்லாம் கோணல். தைத்தவள் 'கூலிங்கிளாஸ்'. மிஷினில் உட்காரும்வரை கறுப்புக் கண்ணாடியைக் கழற்ற மாட்டாள், அதனால் அந்தப் பெயர்.

சூப்பர்வைசர் குரலைத் தாழ்த்தினார். "வெறும் கோணல்னா பிரிச்சுத் தைக்கட்டும். குடிச்சிட்டு வந்திருந்தா இன்னையோட வேலை போச்சு. காலையில நீதானே அவ பக்கத்துல நின்னே? சாப்பிட்டு வந்து சொல்லு."

அவளிடம் வாடை வந்தது உண்மை. இருமிக்கொண்டும் இருந்தாள். சாராயமா, இருமல் மருந்தா, தெரியவில்லை. ஆனால் எனக்குள் தீர்ப்பு அப்போதே தயார். குடிப்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது.

சாப்பாட்டு நேரத்தில் இஸ்திரிப் பிரிவில் ஜெபக் கூட்டம். நடத்துவது அங்கே இஸ்திரி போடும் என் அம்மா. ஆமென் சொன்ன வாய் மூடுவதற்குள் பேச்சு கூலிங்கிளாஸிடம் போய்விட்டது.

"புருஷன் சும்மாவா விட்டுட்டுப் போனான்?" என்றாள் பட்டன் தைப்பவள்.

"அந்த வாடையோட இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணவ நான். எனக்குத் தெரியாதா?" அம்மா என்னைப் பார்த்தாள். "போய் உண்மையைச் சொல்லிடுடி."

"நீ எப்ப மோந்து பார்த்தே?"

"காலையில நீதானே வந்து சொன்னே!"

"வாடைன்னுதான் சொன்னேன். என்ன வாடைன்னு சொன்னேனா?"

"வக்கீலம்மா வந்துட்டாங்கப்பா," என்றாள் பட்டன் தைப்பவள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது.

"அப்பா குடிச்சப்ப என்னம்மா பண்ணே? முட்டி போட்டு ஜெபம் பண்ணே. அவரைப் பத்தி எவளாவது வாயைத் திறந்தா வெளக்குமாத்தைத் தூக்குனே. இவங்களுக்கு மட்டும் அந்த ஜெபம் கிடையாதா?"

அம்மா டிபன் பாக்ஸை மூடினாள். "அவர் என் புருஷன்டி."

"சரி. உனக்கு இவங்க யாரோ. ஆண்டவருக்கும் யாரோவா?"

அந்தக் கேள்வியில் பாதி எனக்கும்தான். தீர்ப்புச் சொல்லும் நாற்காலி ஆண்டவருடையது. அவர் எழுந்து வெளியே போனமாதிரி, ஆளாளுக்கு அதில் உட்கார்ந்து பார்க்கிறோம்.

மேசையருகே சூப்பர்வைசர் காத்திருந்தார். "குடிச்சிருந்தாளா?"

"தெரியாது சார்."

"பக்கத்துல நின்னியே?"

"ஏதோ வாடை வந்துச்சு. இருமிட்டிருந்தாங்க, மருந்தாவும் இருக்கலாம். தெரியாததைத் தெரியும்னு சொல்ல மாட்டேன். காலர் கோணல். அது தெரியும்."

"அம்புக்கு வாய் முளைச்சிருச்சு," என்று முனகியவர், காலர்களைப் பிரித்துத் தைக்கக் கட்டைத் திருப்பி அனுப்பினார்.

பிரித்துத் தைத்ததைக் கூலிங்கிளாஸே கொண்டுவந்தாள். ஒன்றைத் தவிர எல்லாம் நேர். அம்புக்குறியை எடுத்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தேன்.

"இதுவும் கோணலா?"

"ஆமாக்கா."

"அப்ப ஒட்டு. என் மூஞ்சியில என்ன பாக்கறே?"

ஒட்டினேன். காலரில்.