மடுவத்துப் பால்

டாக்டர் லெஸ்லி அந்தக் கண்ணாடிக் குழாயை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டியபோது பாலாமணிக்கு அது ரத்தம் என்றே தோன்றவில்லை. பேக்கரியில் விற்கிற ரோஸ்மில்க் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். அடியில் கொஞ்சம் சிவப்பு. அதற்கு மேலே கெட்டியாக வெள்ளை வெளேரென்று ஆடை. நாலு மாதப் பிள்ளையின் பிஞ்சுக் கையில் ஊசி குத்தி எடுத்தது இதுதான் என்றால் பெற்றவள் எப்படித்தான் தாங்குவாள்?

"ரத்தம்தானுங்க" என்றார் டாக்டரம்மா. "கொஞ்ச நேரம் அசையாம வெச்சிருந்தோம், இப்படிப் பிரிஞ்சிருச்சு. மேல நிக்குது பாருங்க, அது பூரா கொழுப்பு."

குன்னூரில் அந்த ஆஸ்பத்திரிக்கு அவர்கள் வந்தது இது மூன்றாவது தடவை. பிள்ளைக்கு வயிறு உப்பிக்கொண்டே வந்தது. பால் குடித்தால் காலை மடக்கிக்கொண்டு வீறிட்டான். முழங்கையிலும் பிட்டத்திலும் கடுகு கடுகாக மஞ்சள் பரு. தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் இருந்த பெண்கள் அம்மை என்றார்கள், திருஷ்டி என்றார்கள், வேப்பிலை கட்டச் சொன்னார்கள். இந்தக் குளிரில் வேப்பிலைக்கு எங்கே போவது? புருஷன் சங்கிலி மேட்டுப்பாளையம் போய் ஒரு கொத்து வாங்கி வந்தான். அதுவும் காய்ந்து உதிர்ந்ததுதான் மிச்சம்.

டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார். நாம் சாப்பிடுகிற கொழுப்பு ரத்தத்தில் குட்டிக் குட்டி உருண்டைகளாக ஓடுமாம். அந்த உருண்டைக்குக் கைலோமைக்ரான் என்று பேர். அதை உடைத்து உடம்புக்குக் கொடுக்க ஒரு நொதி வேண்டும். லைப்போபுரோட்டீன் லைப்பேஸ். பிள்ளைக்குப் பிறவியிலேயே அது இல்லை. அதனால்தான் டிரைகிளிசரைடு என்கிற அந்தக் கொழுப்பு மலையாக ஏறிக் கிடக்கிறது.

"எல்லாம் தேயிலைக்கு அடிக்கிற மருந்துப் பேரு மாதிரியே இருக்குங்களே" என்றான் சங்கிலி. அவன் தோட்டத்தில் மருந்தடிக்கிற வேலைக்காரன். சிரிக்க வைக்கச் சொன்னதல்ல. பயத்தில் வாயில் வந்ததைச் சொன்னான்.

"அவன் இன்னும் பருப்புத் தண்ணி கூடக் குடிக்கலீங்களே டாக்டரம்மா. கொழுப்பு எங்கேருந்து வருது?" என்று கேட்டாள் பாலாமணி.

டாக்டரம்மா குழாயைத் தாங்கியில் வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டார்.

"தாய்ப்பாலுங்க."

பாலாமணிக்கு விளங்கவில்லை. விளங்கியபோது மடியிலிருந்த பிள்ளை மாரில் முகத்தைத் தேய்த்துத் தேடிக்கொண்டிருந்தான்.

"எல்லாப் புள்ளைக்கும் அது அமிர்தமுங்க. இவனுக்கு மட்டும் ஆகாது. உங்க பால்னு இல்ல, எந்தப் பாலுமே. நான் குடுக்கிற கொழுப்பெடுத்த பவுடரு, இவன் ஒடம்புக்கு ஒத்துக்கிற மாதிரி மெட்ராஸிலிருந்து வர்ற ஒரு எண்ணெய் கொஞ்சம், அப்புறம் கஞ்சித் தண்ணி. வேற ஒரு வாய் கூடாது. கணையம் வீங்கிருச்சுன்னா அப்புறம் என் கையில ஒண்ணும் இல்லைங்க." பிறகு குரலைத் தணித்து, "சொந்தத்துல கட்டுனீங்களா?" என்றார்.

"என் தாய்மாமன்" என்றாள் பாலாமணி, பக்கத்தில் நின்றவனைக் காட்டி. டாக்டரம்மா தலையை ஆட்டினார். ரெண்டு பக்கமும் ஒளிந்திருந்தது பிள்ளையிடம் ஒன்றாகச் சேர்ந்துவிட்டது, யார் மேலும் தப்பில்லை என்றார். தப்பில்லை என்று சொன்னால் ஆயிற்றா? நெஞ்சில் விழுந்த இடிக்கு அது ஒரு ஆறுதலா?

பிக்கட்டிக்கு மேலே இருந்தது அவர்களுடைய எஸ்டேட். பஸ் வளைவு வளைவாக ஏறியது. பிள்ளை சுடலைமணி, சங்கிலியின் செத்துப்போன அப்பன் பேர் வைத்த பிள்ளை, அழுது அழுது தூங்கிப்போனான். அவளுக்கு ரவிக்கை நனைந்திருந்தது. சேலையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டாள்.

"நீ வேலைக்குப் போறப்ப புள்ளைய விடப்போற மடுவத்துல சொல்லி வெச்சிடலாம்டி" என்றான் சங்கிலி. "நாலு பேருக்குத் தெரிஞ்சா நல்லதுதானே. மூக்கம்மா ஆயாகிட்டயாச்சும்..."

"சொல்லுங்க மாமா, நல்லா டமாரம் அடிங்க. பெத்தவ பாலே வெஷமாம், புள்ள ரத்தத்துல ஆடை கட்டுதாம்னு லயம் பூரா பேசட்டும். கொழுந்துக் காட்டுல என்னைப் பார்த்து ஒருத்தி தன் புள்ளைய ஒதுக்கித் தூக்கிட்டுப் போனா நான் அங்கேயே செத்துருவேன்."

"யாருடி அப்படிச் செய்வா?"

"எனக்குத் தெரியும். பொம்பளைங்களை எனக்குத் தெரியும். நீங்க வாயத் திறக்கக் கூடாது. புள்ள தலையில அடிச்சுச் சொல்லுங்க."

தூங்குகிற பிள்ளையின் தலையில் அவன் கையை வைத்தான். மனமில்லாமல்தான் வைத்தான்.

சொல்லித் தொலைத்திருக்கலாம். ஆனால் தன் மார்பே பிள்ளைக்கு எமன் என்று எந்தத் தாய்க்குச் சொல்ல வாய் வரும்?

லீவு போட்டு வீட்டிலேயே இருந்தாள். பால் வற்றட்டும் என்று மல்லிகைப் பூவை மாரில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினாள். கட்டின இடம் கல்லாகிக் காய்ச்சல் அடித்தது. பிள்ளை புட்டியைத் துப்பினான், முகத்தைத் திருப்பினான், அவள் மாரை முட்டினான். அவனைக் கட்டிலில் போட்டுவிட்டு மூலையில் உட்கார்ந்து அவளும் அழுதாள். கடைசியில் பசி ஜெயித்தது. புட்டியைப் பிடித்துக்கொண்டான். அவளுக்கும் பால் வற்றியது.

அப்புறம் நடந்ததைப் பார்த்தவர்கள் கண்ணுக்கே ஆச்சரியம்தான். பரு ஒவ்வொன்றாக அமுங்கியது. வயிறு இறங்கியது. பிள்ளை கவிழ்ந்தான், சிரித்தான், அப்பன் மீசையைப் பிடித்து இழுத்தான். குன்னூருக்குக் கொண்டுபோனபோது குழாயில் ரத்தம் ரத்தமாக இருந்தது. டாக்டரம்மா சங்கிலியின் முதுகில் தட்டி, "இப்படியே பார்த்துக்கிட்டா பையன் பள்ளிக்கூடம் போவானுங்க" என்றார். அன்றைக்குத் திரும்பும்போது சங்கிலி ஊட்டியில் பிள்ளைக்கு ஒரு சிவப்புக் கம்பளித் தொப்பி வாங்கினான். பாலாமணிக்கு உலகமே திரும்பக் கிடைத்த மாதிரி இருந்தது.

லீவு முடிந்தது. வேலைக்குப் போகாமல் தீராது. பிள்ளையை மடுவத்தில் விட்டாள்.

மடுவம் என்பது சிலோனிலிருந்து வந்த சனங்கள் கூடவே கொண்டுவந்த பேச்சு. தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகிற தகரக் கூரைக் கட்டடம் அது. கம்பியில் வரிசையாகத் தொட்டில், நடுவில் ஒரு கணப்பு, பார்த்துக்கொள்ள மூக்கம்மா ஆயா. காலையில் ஒரு தடவை சங்கு ஊதினதும் கைப்பிள்ளைக்காரிகள் ஓடி வந்து பால் கொடுத்துவிட்டுப் போவார்கள். எவளாவது தூரத்து மலையில் மாட்டிக்கொண்டால் அவள் பிள்ளையைப் பக்கத்தில் இருக்கிறவள் எடுத்து மாரில் போட்டுக்கொள்வாள். கேட்பதும் கிடையாது, சொல்வதும் கிடையாது. பாலாமணியே கண்டியில் அப்படி யார் யாரிடமோ குடித்து வளர்ந்தவள்தான். கைம்மாற்றுச் சர்க்கரைக்குச் சண்டை போடுகிற லயத்தில் பாலுக்கு மட்டும் கணக்கு இருந்ததில்லை.

"எனக்குப் பால் வத்திப் போச்சு ஆயா" என்று சொல்லி புட்டியைக் கொடுத்தாள் பாலாமணி. "இதை மட்டும் குடுங்க. வேற ஒண்ணும் வேணாம், அவனுக்கு வயித்துக்கு ஆகாது."

"அடிப் பாவமே, இந்த வயசுல வத்திப் போச்சா" என்று கன்னத்தில் கை வைத்தாள் மூக்கம்மா. புட்டிக்குள் பார்த்தாள். நீலம் பாய்ந்த தண்ணீர் மாதிரி ஏதோ கிடந்தது. "இதக் குடிச்சா புள்ளைக்கு ஒடம்பு ஒட்டுமா தாயி?"

"டாக்டர் குடுத்தது" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தாள். இன்னும் ரெண்டு நிமிஷம் நின்றிருந்தால் அழுதிருப்பாள்.

பக்கத்துத் தொட்டிலடியில் தன் பெண் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த அங்கம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அங்கம்மா அடுத்த வீட்டுக்காரி. வாய் பெருத்தவள், மனசு அதைவிடப் பெருத்தவள். பாலாமணிக்குப் பிரசவ வலி எடுத்தபோது இடுப்பைப் பிடித்துவிட்டதும் அவள்தான்.

ஆடி மழை பிடித்துக்கொண்டது. பிள்ளை மடுவத்திலிருந்து வரும்போது முன்னைவிட அமைதியாக வந்தான். வீட்டில் புட்டியைக் காட்டினால் பாதியிலேயே திருப்பிக்கொண்டான். பழகிவிட்டான் என்று பாலாமணி நினைத்தாள். ஒரு நாள் குளிப்பாட்டும்போது முழங்கையில் மஞ்சளாக ஒன்று கையில் நெருடியது. பக்கத்திலேயே இன்னொன்று. எண்ணெய்தான் கூடிவிட்டதோ என்று எண்ணெயை நிறுத்தினாள். அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது டாக்டரம்மாவிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அதுவரைக்கும் பொறுக்கவில்லை. மழைக்குப் படங்குத் துணியை இடுப்பில் கட்டிக்கொண்டு தேயிலை நிரையில் நின்றவளைக் கூப்பிட ஆள் வந்தது. மடுவத்துக்கு ஓடினாள். பிள்ளைக்கு வயிறு பலகையாகக் கிடந்தது. அழக் கூடத் தெம்பில்லாமல் முனகினான். எஸ்டேட் ஜீப்பில் குன்னூருக்குக் கொண்டுபோனார்கள்.

குழாயில் மறுபடியும் ஆடை.

"பால் குடுத்தீங்களா?" என்றார் டாக்டரம்மா. அவருடைய முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை.

"இல்லீங்க. சத்தியமா இல்லீங்க. என் புள்ள மேல சத்தியமா."

"தாய்ப்பாலோ மாட்டுப்பாலோ, கொழுப்புள்ள ஏதோ ஒண்ணு தினமும் உள்ள போயிருக்குதுங்க. இல்லாம இந்த அளவு ஏறாது. கணையம் வீங்கிருச்சு."

சங்கிலி அவளைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையை அவள் சாகிற வரைக்கும் மறக்க மாட்டாள். பிள்ளை பக்கத்தில் போய் அந்தச் சின்னப் பாதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். மறுநாள் மத்தியானம் வரைக்கும் நின்றான். அதற்கப்புறம் நிற்க வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று.

சில்வர் ஓக் மரங்களுக்குக் கீழே புதைத்தார்கள். மண்ணை மூடினதும் ஒரு பெரியவர், "கொஞ்சம் பால் தெளிச்சிட்டுப் போவோம்" என்று சொம்பை எடுத்தார். செய்தி வீட்டுக்கு வந்தபோது பாலாமணி அலறிக்கொண்டு எழுந்து ஓடப் பார்த்தாள். "பால் வேணாம், என் புள்ளைக்குப் பால் வேணாம், யாரும் ஊத்தாதீங்க!" பெண்கள் அவளை அமுக்கிப் பிடித்தார்கள். புத்தி கலங்கிவிட்டது, பாவம் என்றார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு அங்கம்மா வந்தாள். சங்கிலி மரத்தடியிலிருந்து இன்னும் திரும்பவில்லை. அங்கம்மா பக்கத்தில் உட்கார்ந்து பாலாமணியின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அவளும் அழுதாள். மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள்.

"புட்டிப் பால் பத்தாம அல்லாடுச்சேன்னு மனசு கெடந்து அடிச்சுக்கிதாடி ஒனக்கு? அழாத. ஒங்கிட்டச் சொன்னா மனசு நோவும்னு நான் வாயத் தெறக்கல. ஆயாவையும் சொல்ல விடல. தெனமும் எம் புள்ளைக்கு ஒரு பக்கம், ஒம் புள்ளைக்கு ஒரு பக்கம். கண்ண மூடிக்கிட்டு மடக் மடக்குனு குடிப்பான்டி. ஒம் புள்ள பட்டினியாப் போகல தாயி. வயிறு நெறஞ்சுதான் போனான்."

பாலாமணி தோளிலிருந்து தலையை எடுத்தாள். வாய் திறந்தது. அங்கம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அழுது வீங்கிய முகம். அதில் ஒரு பொட்டு பொய் கிடையாது. இவளிடம் எதைச் சொல்வது? நான் வெட்கப்பட்டுக்கொண்டு மறைத்தேன், நீ இரக்கப்பட்டுக்கொண்டு மறைத்தாய், ரெண்டு பேருமாகச் சேர்ந்து கொன்றோம் என்றா?

"நல்லதுக்கா" என்றாள். அவ்வளவுதான் வந்தது.

அங்கம்மா அவள் நெற்றியை வழித்துவிட்டு, கஞ்சி வைக்கப் போகிறேன் என்று எழுந்து போனாள். கொஞ்ச நேரத்தில் சங்கிலி வந்தான். மண் ஒட்டின கையைக் கழுவவில்லை. கதவைச் சாத்திவிட்டு அவள் எதிரே குந்தினான்.

"நான் ஒன்ன அடிக்க மாட்டேன்டி. திட்ட மாட்டேன். நெசத்தை மட்டும் சொல்லிடு. எனக்குப் பைத்தியம் பிடிச்சிரும் போல இருக்கு. குடுத்தியா?"

லயத்து வீடுகளுக்கு நடுவில் இருப்பது ஒரு தகரத் தட்டிதான். அந்தப் பக்கம் அங்கம்மா அடுப்பை ஊதுவதும் அவளுடைய குழந்தை கொஞ்சுவதும் கேட்டன. ஒரு பேர் சொன்னால் போதும், சங்கிலி இவளை நம்புவான். அந்தப் பக்கம் ஒருத்தி இனி எந்தக் காலத்திலும் தன் பிள்ளையை மாரில் போடும்போது நிம்மதியாக இருக்க மாட்டாள்.

"ஆமா மாமா" என்றாள் பாலாமணி, தட்டிக்கு அந்தப் பக்கம் கேட்காத மாதிரி மெல்லமாக. "அவன் அழுதான், எனக்குத் தாங்கல. நான்தான் குடுத்தேன்."

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அடிக்கவில்லை. திட்டவில்லை. கம்பளியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கி நடந்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

"பாலாமணி, கஞ்சி ஆறிப் போகுதுடி, வா" என்று தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து அங்கம்மா கூப்பிட்டாள்.

"வர்றேங்க்கா" என்றாள்.