வரி போட்ட பூனை

நான் வாய்க்காரி. எங்கள் ஊர் காஜா பேராங்கில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மீன்காரனிலிருந்து பள்ளிக்கூட வாத்தியார் வரை என்னிடம் வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் குறைவு. அப்படிப்பட்டவளுக்கு, பேச வேண்டிய அந்த ஒரு நாளில் பேச்சு வரவில்லை. வாயால் முடியாததைக் கையால் செய்யப் பார்த்தேன். இந்தக் கை அன்றைக்கே விளங்காமல் போயிருக்கலாம்.

முதல் பொதுத் தேர்தல் வந்த ஐம்பத்தைந்தாம் வருடம், ஜூலை மாதம். சந்திப்பில் சைக்கிள் கடை வைத்திருந்த ஆ ஹோக், வேலை முடிந்து வந்துகொண்டிருந்த என் வீட்டுக்காரரை வழியில் நிறுத்தினான். கடையை விற்றாகிவிட்டது, அடுத்த வெள்ளிக்கிழமை சிங்கப்பூருக்குக் குடிபோகிறோம், பிள்ளையையும் அழைத்துப் போகிறோம் என்று சொல்லிவிட்டான். பிள்ளை என்று அவன் சொன்னது எங்கள் விஜயாவை.

அவள் அவர்களுக்குப் பிறந்தவள்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. அவள் பிறந்தது சீனக் கணக்குக்குப் புலி வருடம். புலி வருடத்துப் பெண் குடும்பத்தை விழுங்கிவிடும் என்று ஆ ஹோக்கின் தாய்க்கு ஒரு பயம். பிள்ளை பிறந்த ஒன்பதாம் நாள் அவர்களுடைய மூத்த பையன் காய்ச்சலில் செத்துப்போக, கிழவி அதையே பிடித்துக்கொண்டாள். பதினோராம் நாள், விஜயதசமி அன்று காலையில், சிவப்புத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்துவிட்டார்கள். கல்யாணமாகி ஒன்பது வருடமாக வயிறு திறக்காதவள் நான். வேறென்ன கேட்பேன்? அவர்கள் இரண்டு ஆரஞ்சுப் பழம் தந்தார்கள், நாங்கள் பணம் வைத்த ஒரு சிவப்பு உறை கொடுத்தோம். அந்தக் காலத்தில் அப்படித்தான். எங்கள் வரிசையிலேயே இன்னும் இரண்டு வீட்டில் சீனப் பிள்ளைகள் பொட்டு வைத்துக்கொண்டு வளர்ந்தன. யாரும் கோர்ட்டுக்குப் போய் எழுதி வாங்கவில்லை. பழத்தை வாங்கிக்கொண்டால் பிள்ளை நம்முடையது என்று நினைத்தோம். மடையர்கள்.

என் வீட்டுக்காரர் மாணிக்கவாசகம் நகரசபையில் தண்ணீர்க்குழாய் வேலை பார்த்தவர். இரண்டு நாள் லீவு போட்டு ஒவ்வொரு ஆபீசாக ஏறி இறங்கினார். பிறப்புப் பத்திரத்தில் ஆ ஹோக்கின் பெயர்தான் இருந்தது.

"சூராட் இல்ல வேணி," என்றபடி வந்து உட்கார்ந்தார். "நம்ம பேர்ல பத்திரம் இல்லாம ஒண்ணும் நடக்காதுன்னுட்டாங்க."

"நாலே முக்கா வருஷம் சோறு ஊட்டினேனே, அதக் கேட்டாங்களா?"

"கேக்கல."

"நீங்களாவது சொன்னீங்களா?"

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

மறுநாள் மத்தியானம் ஆ ஹோக்கின் பெண்டாட்டி சியூ லான் வந்தாள். விஜயா அப்போதுதான் தூங்கப் போயிருந்தாள். அவள் தூங்குவதற்கு என் சேலை வேண்டும். முந்தானை ஓரத்தை மூக்கோடு சேர்த்து வைத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உருட்டுவாள். உருட்ட உருட்டக் கண் சொருகும். அது இல்லாவிட்டால் தூக்கம் கிடையாது. ஒரு தடவை நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மூன்று நாள் கண்ணை மூடாமல் கத்திக் கத்தி, நான் வருவதற்குள் அவளுக்கே ஜுரம் கண்டுவிட்டது.

சியூ லான் பாயில் உட்கார்ந்து அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்களுக்குள் பேச்செல்லாம் மலாயில்தான். தமிழில் அவளுக்கு அக்கா என்ற ஒரு சொல் தெரியும்.

"அக்கா, என்கிட்ட சேல இல்லையே," என்றாள். "அங்க எதப் பிடிச்சிக்கிட்டுத் தூங்குவா?"

அவள் வந்தால் கேட்கவென்று எத்தனை எத்தனை வைத்திருந்தேன். பதினோரு நாளில் தூக்கிக் கொடுத்தாயே, அவளுக்கு அம்மை போட்டபோது எங்கே போயிருந்தாய், முதல் பல் எப்போது முளைத்தது என்று தெரியுமா உனக்கு. எல்லாம் தொண்டையிலேயே நின்றுவிட்டது. அவளோ அழுதுகொண்டே சொல்லிக்கொண்டு போனாள். மாமியார் போன வருடம் செத்துவிட்டாள். விஜயாவுக்குப் பிறகு வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. பிள்ளையைத் திரும்ப வாங்க மாட்டவே மாட்டேன் என்று நின்ற புருஷன் இப்போதுதான் இறங்கி வந்திருக்கிறான். கோயிலில் பூசை போட்டு, பிள்ளையின் புலியைக் கட்டியாயிற்று என்று பூசாரி சொன்ன பிறகும் அவனுக்குப் பயம் போகவில்லை.

"வீட்டுல அந்தப் பேரயே சொல்லக்கூடாது, அக்கா. புலிப் படம் போட்ட தைல டப்பாவக்கூட வீசிட்டாரு. ஏதாவது தப்பாத் தெரிஞ்சா, பிள்ள வேணாம்னு சொல்லிடுவாரு."

இதை அவள் என்னை நம்பித்தான் சொன்னாள். நான் கேட்டு வைத்துக்கொண்டேன்.

போகும்போது என் கையைப் பிடித்தாள். "நீ நல்லாப் பின்னுவியே. அவ பிடிச்சிக்கிறதுக்கு மெத்துன்னு ஒரு பொம்ம பின்னிக் குடு. முயல் மாதிரி. உன் வாசன அதுல இருக்கட்டும்."

குரோஷா ஊசிப் பின்னல் எனக்குச் சின்ன வயதிலிருந்தே கைப்பழக்கம். மேசை விரிப்பு, பால் ஜக்கு மூடி என்று நான் பின்னியது பண்டார் ஹிலிரில் பல வீடுகளில் கிடக்கிறது. "பின்னித் தர்றேன்," என்றேன்.

ஜாலான் துக்காங் எமாஸ் பக்கம் ஹனீபா பாய் கடையில்தான் எப்போதும் நூல் வாங்குவேன். வெள்ளை உல்லன் வாங்கத்தான் போனேன், சத்தியமாக. பாய் வெள்ளைக் கண்டை எடுத்து மேசைமேல் வைத்தார். எடுத்த இடத்துக்குப் பக்கத்தில் மஞ்சள் இருந்தது. அதற்கடுத்துக் கறுப்பு. நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"என்னம்மா, வெள்ள வேணாமா?"

"மஞ்சள் ரெண்டு குடுங்க பாய். கறுப்பு ஒண்ணு."

"என்ன பின்னப் போற?"

"புள்ளைக்குப் பூன பொம்ம."

"கண்ணுக்கும் மூக்குக்கும் இவ்ளோ கறுப்பு எதுக்கு?"

"வரிப்பூன பாய்," என்று சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டு நடந்தேன்.

என்ன நினைத்தேன் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை ஆ ஹோக் வர வேண்டும். பிள்ளையின் கையில் புலியைப் பார்க்க வேண்டும். குலை நடுங்கி, அவளை என் வாசலிலேயே விட்டுவிட்டு ஓட வேண்டும். அவ்வளவுதான். சியூ லானை நான் நினைக்கவில்லை. நினைத்திருந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டேன்.

பொம்மை பின்னுவது விரிப்புப் பின்னுவது போல் இல்லை. ஆறு பின்னல் கண்ணில் வட்டமாகத் தொடங்கி, சுற்றுக்கு ஆறு ஆறாகக் கூட்டி, கிண்ணம் போல் வளைத்துக்கொண்டு வர வேண்டும். கண்ணை இறுக்கிப் போட வேண்டும், தளர்ந்தால் உள்ளே இருக்கும் பஞ்சு வெளியே எட்டிப் பார்க்கும். மூன்று சுற்று மஞ்சள், ஒரு சுற்று கறுப்பு, மறுபடி மூன்று மஞ்சள். வரியைத் தனியாகப் பின்னி மேலே தைத்திருக்கலாம், அதுதான் சுலபம். தைத்தால் சியூ லான் பிய்த்து எறிந்துவிடுவாள் என்று, உடம்போடு உடம்பாகவே ஏற்றினேன். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

இலவம்பஞ்சு அடைத்தேன். விஜயா பிடித்துத் தூங்கும் நீலச் சேலையின் முந்தானையைக் கிழித்துச் சுருட்டிப் பஞ்சுக்கு நடுவே வைத்தேன். வாலுக்கு நூல் போடாமல், அதே சேலையின் கரையை முறுக்கித் தொங்கவிட்டேன், அவள் விரலுக்கு வசதியாக. அதைச் செய்யும்போது மட்டும் என் மனசில் கள்ளம் இல்லை. இதை யாரும் நம்ப வேண்டும் என்று கேட்கவில்லை.

வீட்டுக்காரர் அதைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தார். "என்ன இது?"

"பூன."

"பூனைக்கு இவ்ளோ வரியா?"

"பாசார்ல மீன் தின்னுக்கிட்டுத் திரியுதே, பாத்ததில்லையா?"

அவர் சாது. நான் சொன்னால் நம்பிவிடுவார். தலையாட்டிவிட்டு வைத்துவிட்டார்.

விஜயா அதற்கு மியா என்று பெயர் வைத்தாள். முதல் இரண்டு நாள் ஒரு கையில் என் முந்தானை, மறு கையில் மியாவின் வால். மூன்றாம் நாள் மத்தியானம் மியாவை மூக்கோடு அணைத்துக்கொண்டு வாலை உருட்டினாள். முந்தானை அவள் கையிலிருந்து நழுவிப் பாயில் விழுந்தது. அவள் அதைத் தேடவில்லை. நான் மெல்ல எழுந்து பார்த்தேன், முழிக்கவில்லை. நாலே முக்கால் வருடத்தில் அவள் தூங்கும்போது நான் எழுந்து நடந்தது அன்றைக்குத்தான். அடுப்படியில் போய் நின்றுகொண்டு, சத்தம் வராமல் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.

அன்றைக்கே ஹனீபா பாய் கடைக்கு ஓடி, வெள்ளை நூல் வாங்கி, அதே வாலை வைத்து முயலாகப் பின்னியிருக்கலாம். இன்னும் மூன்று நாள் இருந்தது. புத்தியும் அப்படித்தான் சொன்னது. செய்யவில்லை. ஆ ஹோக் பயப்படுவான், பிள்ளை எங்கும் போகமாட்டாள், பிறகெதற்கு முயல் என்று இருந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு டாக்சி வந்து நின்றது. சியூ லான் கொண்டுவந்த ரோஜா நிறச் சட்டையையும் கால்சட்டையையும் விஜயாவுக்குப் போட்டுவிட்டாள். நான் வைத்த பொட்டை அழிக்கவில்லை. காரில் ஊர்சுற்றப் போகிறோம் என்று சொல்லியிருந்ததால் விஜயா குதித்துக்கொண்டு வெளியே வந்தாள். பாயில் கிடந்த மியாவை அவள் கடைசியில் எடுத்துக் கக்கத்தில் இடுக்கியதை, முன்னால் நடந்த சியூ லான் பார்க்கவில்லை.

ஆ ஹோக் டாக்சிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் கண் பிள்ளையின் முகத்துக்குப் போகவில்லை, கக்கத்துக்குத்தான் போனது. முகம் செத்துவிட்டது. சீனத்தில் ஏதோ சொன்னான். பிள்ளையைப் பார்த்துக்கொண்டே இரண்டடி பின்னால் போனான். எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை, ஆனாலும் எல்லாம் புரிந்தது. விட்டுவிட்டுப் போ, போய்த் தொலை என்று நெஞ்சுக்குள் கத்திக்கொண்டிருந்தேன். நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

சியூ லான் நடு ரோட்டில் அவன் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். கத்தவில்லை. அவன் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். கடைசியில் கையை நீட்டி, பொம்மையைக் காட்டி ஒரே ஒரு வார்த்தை சொன்னான்.

அவள் எழுந்து வந்தாள். மியாவைப் பிள்ளையின் கக்கத்திலிருந்து இழுத்து எடுத்து என் காலடியில் வைத்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அக்கா," என்றாள். திட்டவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

"மியா. அம்மா, மியா," என்று விஜயா அவள் தோளுக்கு மேலே கையை நீட்டினாள்.

அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. பிள்ளை போகத்தான் போகிறாள். வெறுங்கையோடு போகப் போகிறாள். "இரு சியூ லான், அஞ்சு நிமிஷம். கறுப்ப எடுத்துடறேன்," என்று உள்ளே ஓடிக் கத்தரிக்கோலை எடுத்து வந்தேன். வாசலிலேயே உட்கார்ந்து முதல் வரியை வெட்டினேன். உடம்போடு உடம்பாக ஏற்றிய வரியல்லவா, வெட்டிய இடத்தில் அந்தச் சுற்று பிரிந்து, மேலே இருந்த மஞ்சளும் கண் கண்ணாகக் கழன்றது. இறுக்கி அடைத்திருந்த பஞ்சு பிதுங்கி மடியெல்லாம் கொட்டியது. வாலை மட்டும் அறுத்தெடுத்துக்கொண்டு ஓடினேன். "இது வெறும் துணி, என் சேல, இத மட்டும் குடு." சியூ லானின் கை கார் ஜன்னலுக்கு வெளியே பாதி வந்தது. ஆ ஹோக் அதை உள்ளே இழுத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டான். என் வீட்டிலிருந்து இனி ஒரு நூல்கூட அவன் வாங்கமாட்டான். அவன் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

டாக்சி செமாபோக் வழியாக, சிங்கப்பூர் போகும் மூவார் ரோட்டைப் பிடிக்கத் திரும்பியது. திரும்பும்போது பின் கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. வாய் திறந்து அழுதுகொண்டிருந்தாள், சத்தம் கேட்கவில்லை. ஒரு கை மூக்கருகே இருந்தது. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து உருட்டிக்கொண்டிருந்தாள். நடுவில் ஒன்றும் இல்லை.

ஒலிபெருக்கி கட்டிய தேர்தல் கார் ஒன்று சுதந்திரம் கேட்டு மெர்டேக்கா, மெர்டேக்கா என்று கத்திக்கொண்டு போனது. நான் வாசலுக்குத் திரும்பி வந்தேன். வீட்டுக்காரர் குனிந்து, காற்றில் பறந்த பஞ்சைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். மஞ்சளும் கறுப்பும் சிக்கிக் கிடந்த நூலைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார்.

"பூனன்னுதானே சொன்ன, வேணி?"

"புலி," என்றேன்.

அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. நூலைக் கீழே வைத்துவிட்டு, படியில் உட்கார்ந்து, தெருவைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"இன்னிக்கி ராத்திரி எதப் பிடிச்சிக்கிட்டுத் தூங்குவா?"